சர்க்கரையை மாத்திரையில்லாமல் நிறுத்த 800 கலோரி: பவுடரா, வீட்டுச் சாப்பாடா, ஊசியா, ஆபரேஷனா?

டைப் 2 சர்க்கரை நோய் தெரியவந்து ஆறு வருடத்துக்குள் இருக்கிறது. இன்சுலின் இல்லை, மாத்திரைதான். குறைப்பதற்கு உடம்பில் எடையும் இருக்கிறது. இந்த மூன்றும் பொருந்துகிறவருக்கு, மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும் நிலைக்குப் போக நல்ல வாய்ப்பு உண்டு. மருத்துவர்கள் ரிமிஷன் என்று சொல்வது இதைத்தான். சர்க்கரை மாத்திரை, ஊசி எல்லாம் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது ரிமிஷன். நோய் வேரோடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும்.

அந்த நிலைக்குப் போகும் வழிகளைத்தான் இங்கே எடை போடுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்தை மாற்றியமைக்க ஒரு மருத்துவர் கூடவே இருக்கிறார் என்றால், 12 வாரம் முழு உணவுக்கும் பதிலாகத் தினம் 800 கலோரி அளவில் பவுடர் குடிப்பதுதான் முதல் தேர்வு. பவுடர் கிடைக்கவில்லை, ஆனால் அசைவமோ முட்டையோ சாப்பிடுவீர்கள் என்றால் வீட்டுச் சாப்பாட்டிலேயே செய்யலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் 13வது வாரத்திலிருந்து என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை எழுதிவைக்காமல் முதல் நாளைத் தொடங்காதீர்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 11 பேர்தான். தினம் 600 கலோரி, எட்டு வாரம். முதல் ஏழு நாளிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 166இலிருந்து 106க்கு வந்துவிட்டது. அதே ஒரு வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. கல்லீரலில் கொழுப்பு அடைந்திருக்கும்போது அது இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் ஒன்றும் சாப்பிடாமலே 160 காட்டுவது அதனால்தான். கொழுப்பு கரைந்ததும் அது அடங்குகிறது. கணையம் மெதுவாகத்தான் தேறும். அங்கே சேர்ந்த கொழுப்பு குறைந்து, சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரக்கும் திறன் திரும்ப அந்த எட்டு வாரமும் தேவைப்பட்டது. ஒரு வாரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டதே என்று இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

அடுத்து வந்த டைரக்ட் என்ற ஆய்வு ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் சாதாரணக் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் நடந்தது. 306 பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தினம் 825 முதல் 853 கலோரி வரை பவுடர் மட்டும், மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருட முடிவில் பவுடர் குடித்தவர்களில் 46 சதவீதம் பேர் ரிமிஷனில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். இதைவிட முக்கியமான கணக்கு, குறைத்த எடைக்கும் ரிமிஷனுக்கும் உள்ள தொடர்பு. 5 முதல் 10 கிலோ வரை குறைத்தவர்களில் 34 சதவீதம், 10 முதல் 15 கிலோ குறைத்தவர்களில் 57 சதவீதம், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருடம் மொத்தத்தில் 36 சதவீதமாக இறங்கியது. தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஐந்தாம் வருடம் ரிமிஷனில் நின்றவர்கள் 13 சதவீதம்தான். முதல் வருட எண்ணை மட்டும் சொல்லி ஆள் சேர்க்கிற விளம்பரங்களில் இந்தக் கடைசி எண் வருவதில்லை. குறைப்பதைவிடக் குறைத்ததைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை என்று அது காட்டுகிறது.

"நான் ஒன்றும் குண்டு இல்லையே, வயிறு மட்டும்தானே" என்று கேட்கிற நம்மவர்கள் அதிகம். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 21 முதல் 27 வரை இருந்த 20 பேரை வைத்து நியூகாசில் குழுவே செய்த இன்னொரு ஆய்வில் 14 பேர் ரிமிஷனுக்குப் போனார்கள். சராசரியாக உடல் எடையில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்திருந்தார்கள். தெற்காசிய வம்சாவளியினரை மட்டும் வைத்து கிளாஸ்கோவில் நடந்த 25 பேர் கொண்ட சிறு ஆய்விலும், 850 கலோரி பவுடர் முறையில் பத்துக்கு நாலு பேர் அளவில் பலன் கிடைத்தது. ஆகவே இலக்கைக் கிலோவில் வைக்காமல் சதவீதத்தில் வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு 7 முதல் 10 கிலோ. 95 கிலோ ஆளுக்கு 10 முதல் 15.

தேர்வுக்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இருப்பது டைப் 2தானா? ஒல்லியான ஆள், சர்க்கரை வேகமாக ஏறியது, சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால், அது பெரியவர்களுக்கு மெதுவாக வரும் டைப் 1ஆக இருக்கலாம். அடிக்கடி மேல்வயிற்று வலி, எண்ணெய்ப் பசையான மலம் என்றால், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பார்க்கிற கணையக் கல் சார்ந்த சர்க்கரையாக இருக்கலாம். இவர்களுக்கு இன்சுலினே போதாமல் இருக்கிறது. பட்டினி போன்ற உணவு முறை ஆபத்தில் கொண்டுபோய் விடும். உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் டைப் 1ஐக் காட்டும் காட் ஆன்டிபாடி பரிசோதனை, வயிற்று ஸ்கேன் இவற்றில் தெரிந்துவிடும். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், சிறுநீரகம் நன்றாகக் கெட்டவர்கள், சாப்பாட்டு விஷயத்தில் மனநலச் சிக்கல் இருந்தவர்கள், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த முறை வேண்டாம்.

பவுடர் முறை

ஒரு நாளைக்கு நாலு பாக்கெட், ஒவ்வொன்றும் சுமார் 200 கலோரி, தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. வேறு சாப்பாடு கிடையாது. இதன் பெரிய பலமே, என்ன சாப்பிடுவது என்ற கேள்வி எழாததுதான். சமையலறையில் அளக்க வேண்டாம், "ஒரு தோசைதானே" என்ற பேரம் இல்லை. ஒரு நாளுக்கு வேண்டிய புரதம், வைட்டமின், தாது உப்புகள் அந்த நாலு பாக்கெட்டுக்குள் அடங்கியிருக்கும்.

இங்கேதான் கடைக்காரர் ஏமாற்றிவிடுவார். மருந்துக் கடையில் "சர்க்கரை நோயாளிகளுக்கு" என்று எழுதி விற்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை சாப்பாட்டோடு கூடுதலாகக் குடிப்பதற்கானவை, சாப்பாட்டுக்கு முழு மாற்று அல்ல. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 800 கலோரி வரும் அளவுக்குக் கலக்கினால் புரதம் 60 கிராமாவது வர வேண்டும். வைட்டமின், தாது உப்புகளும் நாள் தேவையில் 100 சதவீதம் வர வேண்டும். அப்படி வராவிட்டால் அதை மட்டும் குடித்து மூன்று மாதம் ஓட்டக் கூடாது. உடற்பயிற்சிக் கடையில் கிடைக்கும் வே புரோட்டீனும் முழு உணவு அல்ல. அதில் புரதத்தைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை.

இங்கிலாந்தில் இருக்கும் தமிழர்களுக்கு இந்த வழி எளிது. அங்கே அரசின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் 12 வாரம் 800 முதல் 900 கலோரி பவுடர், பிறகு உணவுக்குத் திரும்பும் கட்டம், மொத்தம் ஒரு வருட வழிகாட்டல் என்று இலவசமாகவே தருகிறது. வயது 18 முதல் 65, நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள், இன்சுலின் இல்லாமல் இருக்க வேண்டும். ஆசியர்களுக்கு பிஎம்ஐ 25 போதும், வெள்ளையர்களுக்கு 27. குடும்ப மருத்துவரிடம் கேட்டால் அனுப்பிவைப்பார்.

பவுடரின் பலவீனம், அது எதையும் கற்றுத்தராது. 12 வாரம் கழித்து அதே சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து நிற்கும்.

வீட்டுச் சாப்பாட்டில் 800

செய்யலாம். ஆனால் பத்து கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையல் தராசும், ஐந்து மில்லி கரண்டியும் இல்லாமல் முடியாது. கண்ணளவில் 800 என்று நினைப்பது சுலபமாக 1300க்குப் போய்விடும். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் 45 கலோரி. தாளிக்கக் கையோடு ஊற்றுவது பெரும்பாலும் மூன்று டீஸ்பூன். சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் ஃபில்டர் காபி 100 கலோரிக்குப் பக்கம். ஒரு பிடி வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி.

அசைவம் சாப்பிடுபவருக்கு ஒரு நாள் இப்படி அமையும். காலையில் இரண்டு அவித்த முட்டை, கொழுப்பு நீக்கிய பாலில் 200 மில்லி சர்க்கரையில்லாக் காபி. மதியம் தேங்காய் சேர்க்காத குழம்பில் 150 கிராம் மீன் (சமைக்கும் முன் எடை, முள் நீக்கி), ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 250 கிராம் கீரை, அவரை, புடலை என ஏதாவது காய், நீர்மோர் ஒரு டம்ளர். இரவு தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், 200 கிராம் காய், ஒரு டீஸ்பூன் எண்ணெய், 100 கிராம் தயிர். மொத்தம் 800க்குச் சற்றுக் கீழே, புரதம் 80 கிராம். அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதோடு ஒரு மல்டிவைட்டமின் மாத்திரை தினமும் வேண்டும்.

சைவத்தில்தான் கஷ்டம். பருப்பு, சுண்டல், தயிரை மட்டும் நம்பினால் 800 கலோரிக்குள் புரதம் 40ஐத் தாண்டுவதே பாடு. புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் சாப்பிட்ட சர்க்கரையை வாங்கி வைக்க இடமில்லாமல் போகும். ஆகவே சைவத்தில் மூன்று பொருள் கட்டாயம்: காலையில் 300 மில்லி கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு கரண்டி, அதாவது 30 கிராம், வே புரோட்டீன், மதியம் காய வைத்த எடையில் 30 கிராம் மீல் மேக்கர், அதில் மட்டும் 15 கிராம் புரதம், இரவு 50 கிராம் பன்னீர், அதோடு 30 கிராம் பாசிப்பருப்பை நீர்க்க வேகவைத்தது. இரண்டு வேளையும் காய் 200 முதல் 250 கிராம், மதியக் காய்க்கு மட்டும் ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஒரு டம்ளர் மோர். 780 கலோரிக்குள் 75 கிராம் புரதம் வந்துவிடும். பால் பொருளும் வேண்டாம், பவுடரும் வேண்டாம் என்கிற சைவருக்கு இந்த 800 திட்டத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கீழே சொல்லும் மெதுவான வழிதான் அவருக்குச் சரி.

எங்கே தவறுகிறது என்றால், சிறுதானியத்தில். அரிசியை விட்டு வரகுக்கும் சாமைக்கும் ராகிக்கும் மாறிவிட்டேன், பிறகும் எடை இறங்கவில்லை என்பார்கள். நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் சிறுதானியத்திலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், 330 முதல் 350 வரை. நார்ச்சத்தில் லாபம் உண்டு, எடைக் கணக்கில் லாபமில்லை. இந்த 12 வாரத்தில் சிறுதானியத்துக்கு இடமே இல்லை. அது 13வது வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டிய நல்ல பொருள்.

மெதுவான வழி

தினம் 1200 முதல் 1500 கலோரி, மாவுச்சத்தைக் குறைத்து, ஆறு மாதம் முதல் ஒரு வருடம். இதிலும் பத்து சதவீத எடை குறைந்தால் பலன் அதேதான். கல்லீரலுக்கு வேகம் முக்கியமில்லை. இந்தியா முழுக்கச் சர்க்கரை நோயைக் கணக்கெடுத்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் உணவுத் தரவுகளை வைத்து 2022இல் வெளியான கணிப்பில், புதிதாக நோய் வந்தவர்கள் ரிமிஷனுக்குப் போக மாவுச்சத்து மொத்தக் கலோரியில் 49 முதல் 54 சதவீதமாகவும், புரதம் 20 சதவீதத்தை ஒட்டியும் இருக்க வேண்டும் என்று வந்தது. நம் வழக்கமான தட்டில் மாவுச்சத்து 60 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் முட்டை, மீன், பருப்பு, காய் வைத்தாலே இந்த அளவுக்கு வந்துவிடலாம்.

இதன் பலம், வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், மருந்தையும் மெல்ல மெல்லக் குறைக்கலாம். பலவீனம், பலன் கண்ணில் பட மாதங்கள் ஆகும். அதற்குள் கல்யாணம், பண்டிகை, வெளியூர்ப் பயணம் என்று நாலு தடவை தடம் மாறும். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையை (கிளிமெபிரைடு போன்றவை) உடனே நிறுத்த முடியாதவர், 65 வயது தாண்டியவர், தனியாக வாழ்பவர் ஆகியோருக்கு நாங்கள் சொல்வது இந்த வழியைத்தான்.

ஊசி, ஆபரேஷன்

பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான டிர்செபடைடு இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது. சர்க்கரை நோய் உள்ள பருமனானவர்களிடம் நடந்த 72 வார ஆய்வில், அதன் உச்ச அளவான 15 மில்லிகிராம் எடுத்தவர்கள் 15 சதவீதத்தை ஒட்டி எடை குறைந்தார்கள். பசி அடங்குவதால் போராட்டம் குறைவு. ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது சர்க்கரை சரியாக இருப்பது ரிமிஷன் அல்ல, நல்ல கட்டுப்பாடு. நிறுத்தினால் எடை திரும்புகிறது. இதே போன்ற இன்னொரு ஊசியான செமாக்ளூடைடை நிறுத்திய ஒரே வருடத்தில், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. வருடக்கணக்கில் வாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் முதல் ஊசி. கணைய அழற்சி வந்தவர்களுக்கும், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கும் வேண்டாம்.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்தான் எடையை அதிகமாகவும் நீண்ட காலத்துக்கும் குறைப்பது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 தாண்டினால் யோசிக்கலாம் என்பது 2022இன் சர்வதேச வழிகாட்டல். இருந்தும் ஆபரேஷனையும் மருந்தையும் ஒப்பிட்ட ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்து வருட முடிவில் ஹெச்பிஏ1சி 6 சதவீதத்துக்குள் வந்தவர்கள், இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸில் 29, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எடுக்க வேண்டும். பிஎம்ஐ 35க்கு மேலே, மற்ற வழிகளில் எடை திரும்பித் திரும்பி வந்தவர்களுக்கு இது பொருத்தம். 28 பிஎம்ஐக்காரர் முதலிலேயே இங்கே வர வேண்டியதில்லை.

முதல் நாள் மருந்து

உயிருக்கு ஆபத்து இருப்பது இங்கேதான். 800 கலோரியில் கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றைத் தொடர்ந்தால் சர்க்கரை 50க்கும் கீழே இறங்கிவிடலாம். இவை முதல் நாளே நிற்க வேண்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையும் அப்படியே. மாவுச்சத்து குறைந்த நிலையில் இவை ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடும், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாததால் நோயாளியும் கவனிக்க மாட்டார். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல்தான் அடையாளம். மெட்ஃபார்மினை நிறுத்துவதா தொடர்வதா என்பது மருத்துவர் விருப்பம்.

ரத்த அழுத்த மாத்திரையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் வாரத்தில் உடம்பு உப்பையும் நீரையும் வெளியே தள்ளுவதால் அழுத்தம் இறங்கும். டைரக்டில் அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்தினார்கள், ஏறியவர்களுக்கு மட்டும் திரும்பத் தந்தார்கள். வீட்டில் ஒரு கருவி வைத்து உட்கார்ந்தும் நின்றும் பாருங்கள். எழுந்ததும் கண் இருட்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரை, ஸ்டாடின், ஆஸ்பிரின் இவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

குளுக்கோமீட்டரில் காலை, மதியம், இரவு என முதல் இரண்டு வாரம் பாருங்கள். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை: ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின், யூரிக் அமிலம், கல்லீரல் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை. கண்ணில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை திடீரென்று இறங்குவதே அதைச் சில மாதத்துக்கு மோசமாக்கலாம். கண் மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்க வேண்டும்.

இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை தலைவலியும் சோர்வும் வரும். காரணம் பெரும்பாலும் உப்பும் நீரும் குறைவது. இரண்டேகால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட ரசத்தெளிவு ஒரு கப் குடித்தால் அடங்கும். இதய, சிறுநீரக நோயாளிகள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் தினம் ஒன்று முதல் இரண்டு டீஸ்பூன், நிறையத் தண்ணீரோடு. யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கலாம். எண்ணெயை முழுக்க விட்டுவிடுபவர்களுக்குப் பித்தப்பை சுருங்காமல் கிடந்து கல் கட்டலாம். மேலே சொன்ன ஓரிரு டீஸ்பூன் எண்ணெயை யாரும் "இன்னும் வேகமாகக் குறையட்டும்" என்று வெட்டிவிடக் கூடாது. மூன்றாம் மாதம் முடி கொட்டலாம், எடை நிலைத்ததும் வளரும்.

13வது வாரம்

உணவுக்குத் திரும்புவதை இரண்டு முதல் எட்டு வாரம் நீட்டுங்கள். முதலில் இரவு வேளை மட்டும் 400 கலோரிச் சாப்பாடு, மற்ற வேளைகள் பழையபடி. இரண்டு வாரம் கழித்து மதியம், பிறகு காலை. சோறு வெந்த எடையில் 100 கிராம், அதாவது 130 கலோரி, அல்லது இரண்டு இட்லி. தட்டில் பாதி காய், கால் பங்கு புரதம் என்ற கணக்கு மாறாமல் இருக்க வேண்டும். முன்பு சாப்பிட்டதில் முக்கால் பங்கே இனி உடம்புக்குப் போதும், ஏனென்றால் ஆளே சின்னதாகிவிட்டார். வாரம் 150 நிமிட நடையும், வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் இந்தக் கட்டத்தில் சேர்த்தால் போதும். 800 கலோரியில் இருக்கும்போது கடும் உடற்பயிற்சி பசியைத்தான் கிளப்பும்.

வாரம் ஒரு நாள், ஒரே தராசில், காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்துக் குறித்துவையுங்கள். டைரக்டில் கடைப்பிடித்த மீட்பு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கிலோ ஏறினால், இரண்டு முதல் நாலு வாரம் தினம் ஒன்றோ இரண்டோ வேளையைப் பவுடராகவோ மேலே சொன்ன 200 கலோரி அளவாகவோ மாற்றுவது. நாலு கிலோ ஏறினாலோ சர்க்கரை திரும்பினாலோ, மருத்துவரிடம் சொல்லி நாலு வாரம் முழுத் திட்டத்துக்கும் திரும்புவது. ரிமிஷனில் இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஹெச்பிஏ1சி, விழித்திரை, கால், சிறுநீர் அல்புமின் நான்கையும் பார்க்க வேண்டும். முதல் வருடம் ஹெச்பிஏ1சியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. 6.5ஐத் தொட்டால் மெட்ஃபார்மினை மறுபடி தொடங்கத் தயங்காதீர்கள். தயங்கிய மாதங்களில்தான் கண்ணும் சிறுநீரகமும் கெடுகின்றன.